பதினான்கு கோட் பெயிண்டும் ஒரு மாட்டு மண்டையோடும்

கொம்பன்78:
டெக்சாஸில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர், மேய்ச்சல் நிலத்தில் கிடந்து வெயிலில் வெளுத்துப்போன ஒரு மாட்டு மண்டையோட்டைக் கொம்போடு கொடுத்தார். இங்கே வேலியிலும் வாசலிலும் இதை மாட்டி வைப்பது சாதாரண விஷயம், ஆனால் வெறுமனே மாட்ட எனக்கு மனம் வரவில்லை. முதலில் கெட்டியான ஜெஸ்ஸோவை (பெயிண்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி மேடும் பள்ளமுமாக விட்டேன். அதன் மேல் கறுப்பு, காவி, மஞ்சள், மயில்நீலம், மறுபடி கறுப்பு என்று ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்றாக அக்ரிலிக்கில் பதினான்கு கோட். பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தால், மேடான இடத்தில் அடி நிறம் எட்டிப் பார்க்கிறது, அதைச் சுற்றி மற்ற நிறங்கள் வளையம் வளையமாக வருகின்றன, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி. இன்னும் நைசாக 600, 1000, 2000 வரை போய்விட்டேன். இப்போது கண்ணாடி போல இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்கிறாள் மனைவி, அது தனிப் பஞ்சாயத்து. இதை யாராவது செய்திருக்கிறீர்களா?

வெள்ளெலும்பு:
கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடம் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன், அதனால் சொல்கிறேன். மாட்டு மண்டையில் பார்க்க வேண்டியவை என்னென்ன? எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் ஆற்று வரைபடம் மாதிரி ஓடும் நெளிகோடு, நரம்பும் ரத்தக் குழாயும் வெளியே வரும் சிறு துளைகள், மூக்குக்குள் காகிதம் போல மடிந்து கிடக்கும் மெல்லிய எலும்பு. எல்லாவற்றையும் ஜெஸ்ஸோ போட்டு அடைத்துவிட்டீர்கள். வளையம் பார்க்க ஒரு மண்பானை போதாதா? அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1929-லிருந்து நியூ மெக்சிகோ போய் வந்து எலும்பு பொறுக்கினார், பீப்பாயில் அடைத்து நியூயார்க்குக்கே அனுப்பினார். ஆனால் அவர் எலும்பைப் பார்த்துத் துணியில் வரைந்தார், எலும்பின் மேல் பெயிண்ட் அடிக்கவில்லை.

கொம்பன்78:
பானையில் இது வராது சார், அதுதான் விஷயம். பானை எல்லாப் பக்கமும் ஒரே வளைவு. இதில் புருவ மேடும் கண்குழி விளிம்பும் தூக்கி நிற்பதால் உப்புத்தாள் முதலில் அங்கேதான் பிடிக்கிறது, நிறம் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. எங்கே எந்த நிறம் வர வேண்டும் என்பதைப் பாதிக்கு மேல் எலும்புதான் முடிவு செய்கிறது. நான் மறைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஜப்பானில் ஹிரோசாகி ஊரில் சுகாரு-நூரி என்று அரக்கு வேலை உண்டு, மேடு மேடாக அரக்கை ஒற்றி, மேலே நிறம் நிறமாகப் பூசி, தேய்த்துச் சமமாக்குவார்கள், ஒரு கிண்ணம் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த வித்தையைத்தான் இதில் முயன்றேன்.

தகரப்பட்டறை:
தம்பி, கார் பெயிண்ட் அடிக்கிறவன் பேசுகிறேன். நீங்கள் சொல்லும் வளையம் எங்கள் தொழிலின் அழுக்குதான். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளில் கையால் ஸ்ப்ரே அடித்த காலத்தில், தண்டவாளத்திலும் தாங்கிகளிலும் வருடக்கணக்கில் பெயிண்ட் படிந்து, காருடன் சேர்ந்து அதுவும் அடுப்பில் திரும்பத் திரும்ப வெந்து, கல் மாதிரி ஆனது. அதை அறுத்துப் பாலிஷ் போட்டு மோதிரத்தில் வைக்கிறார்கள், ஃபோர்டைட் என்று பெயர். அது வெந்த எனாமல், தேய்த்தால் பளபளக்கும். அக்ரிலிக் அப்படி இல்லை, மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மெத்தென்று இருக்கும், சூடு பட்டால் பிசின் போலத் தாளில் ஒட்டும். பதினான்கு கோட்டுக்கு மூன்று வாரமாவது விட்டீர்களா? அப்புறம் கடைசியில் இரண்டு பாகம் கலக்கிற கார் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடிக்கும் எண்ணம் இருந்தால், சாதாரண முகமூடி போட்டுக்கொண்டு வீட்டில் அடிக்காதீர்கள். அதில் இருக்கும் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொடுத்துவிடும், எங்கள் ஆட்களில் பட்டவர்கள் உண்டு.

முக்கியமான கேள்வி: எலும்புக்குள் ஊறிய எண்ணெயை, கொழுப்பை எடுத்தீர்களா?

கொம்பன்78:
எண்ணெயா? ஒரு வருடம் வெயிலில் கிடந்தது அண்ணா, காய்ந்துதான் இருந்தது. பிளீச்சில் ஒரு நாள் ஊற வைத்தேன், வெள்ளை வெளேரென்று ஆனது.

வெள்ளெலும்பு:
பிளீச்சா!

இதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள், வீடியோவிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எலும்பு என்பது சுண்ணாம்புச் சத்தும் கொலாஜன் என்கிற புரதமும் சேர்ந்தது, பிளீச் அந்தப் புரதத்தைத் தின்னும். அன்று வெள்ளையாக இருக்கும், போகப் போகச் சாக்கட்டி மாதிரி உதிரும். நீங்கள் உப்புத்தாள் போட்ட சுகத்துக்குக் கண்குழி விளிம்பு பொடியாகாமல் இருந்ததே அதிர்ஷ்டம். கொதிக்க வைப்பதும் தப்பு, கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கும், மூக்கெலும்பு விரியும், பல் வெடிக்கும். தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப் போட்டுச் சதையை அழுக விடுவதுதான் பழைய வழி, நாற்றம் தாங்க முடியாது, ஆனால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. அருங்காட்சியகங்களில் தோல் தின்னும் வண்டுகளை விட்டே சுத்தம் செய்கிறார்கள். அதற்குப் பிறகு கொழுப்பு இறங்க, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, தண்ணீர் கலங்கக் கலங்க மாற்ற வேண்டும், மாட்டுத் தலைக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். கடைசியில்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதமே போதும், மெதுவாக வெளுக்கும். கொம்பு மட்டும் அதில் படக் கூடாது, அது நகம் மாதிரி கெராட்டின், நிறம் போய்விடும்.

மல்லிகா_க:
அண்ணன் எலும்பைப் பற்றிச் சொன்னதில் எனக்குத் தகராறு இல்லை. "எலும்பின் மேல் பெயிண்ட் அடிக்கவில்லை" என்று ஏதோ தூய்மை மாதிரிச் சொன்னதில்தான். நான் ஓக்லஹோமாவில் இருக்கிறேன். நார்மன் நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு காட்டெருமை மண்டையோடு இருக்கிறது, நெற்றியில் செந்நிறத்தில் மின்னல் மாதிரி ஒரு கோடு. பத்தாயிரம் வருடத்துக்கு முந்தியது, வட அமெரிக்காவில் கிடைத்த வண்ணம் தீட்டிய பொருள்களிலேயே மிகப் பழையது அதுதான் என்று போட்டிருக்கிறார்கள். லகோட்டா, அரபஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் சூரிய நடனச் சடங்கில் காட்டெருமை மண்டையோடு உண்டு, வண்ணம் தீட்டிய மண்டையோடுகளும் உண்டு. ஓ'கீஃப் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால்.

கொம்பன், உங்களையும் விடப்போவதில்லை. உங்கள் ஊர்க் கடைகளில் விற்கிற டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த மண்டையோடு எல்லாம் யாருடைய சாயல் என்று யோசியுங்கள். 1892-இல் எடுத்த படம் ஒன்று உண்டு, டெட்ராய்ட் பக்கம் ஒரு கார்பன் ஆலையில் காட்டெருமை மண்டையோடுகள் மலையாகக் குவிந்திருக்க, மேலே ஒருவன் நிற்கிறான். அரைத்து உரமாக்கினார்கள், கரியாக்கிச் சர்க்கரையை வெளுக்கப் பயன்படுத்தினார்கள். தகரப்பட்டறை அண்ணன் ஃபோர்டைட் பற்றிச் சொன்னதும் எனக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது.

கொம்பன்78:
அக்கா, நான் இறகும் கட்டவில்லை, மின்னலும் போடவில்லை. இது வீட்டு மாடு, பண்ணையில் செத்தது. நிறம் நம் ஊர் ஐயனார் கோயில் குதிரையை நினைத்து எடுத்தது.

மல்லிகா_க:
அப்படியானால் சரி. முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஊர்க்குருவி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தாத்தா வீட்டுப் பரணில் புள்ளிமான் தலை ஒன்று கொம்போடு கிடக்கிறது. இதே மாதிரி பூசிப் பார்க்கலாமா?

வெள்ளெலும்பு:
தொடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதற்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். தாத்தா வாங்கி வைத்தாரா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு வனத்துறையிடம் போங்கள். படம் எடுத்து இங்கே போட்டுவிடாதீர்கள். ஆட்டுத்தலை கறிக்கடையில் கிடைக்கிறது, பழக அது போதும்.

கொம்பன்78:
இரண்டு வாரமாக வரவில்லை, வெட்கம்தான் காரணம். தகரப்பட்டறை அண்ணன் எண்ணெய் பற்றிக் கேட்டது சரியாகிவிட்டது. இடது கண்ணுக்குக் கீழே மஞ்சளாக ஒரு திட்டு எழும்பி, பெயிண்ட் கொப்புளம் கட்டி, நகத்தால் தொட்டதும் பதினான்கு கோட்டும் ஒரே தோலாக உரிந்து வந்தது. உள்ளே பிசுபிசுவென்று கொழுப்பு. புருவ மேட்டில் தேய்க்கும்போது எலும்பு வரைக்கும் போயிருந்தேன், அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

தகரப்பட்டறை:
துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் காரிலும் இதேதான். மேலே பட்டி பார்த்து மூடாதீர்கள், திரும்ப வரும். உரிகிறதெல்லாம் உரியட்டும். மிச்சத்தை எடுக்க உலர்ந்த தாளைப் போடாதீர்கள், நனைத்தே தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும், எலும்புத் தூளும் பெயிண்ட் தூளும் இரண்டும் நெஞ்சுக்கு ஆகாது.

வெள்ளெலும்பு:
உரித்த பிறகு சோப்புத் தண்ணீர், குறைந்தது மூன்று மாதம். கொம்புக் கூட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளே பூச்சி இருக்கும். பிளீச்சில் தளர்ந்த இடம் உதிர்ந்தால் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து ஊற விடுங்கள், அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது அதுதான். எலும்பு நன்றாகக் காய்ந்த பிறகு, ஜெஸ்ஸோ படுவதற்கு முன்னால். இத்தனை சொல்லியும் நீங்கள் மறுபடி பூசத்தான் போகிறீர்கள் என்று தெரியும். நெளிகோட்டையாவது விட்டுவையுங்கள்.

கொம்பன்78:
நெளிகோட்டில் மெல்லிய கோட் மட்டும் போட்டுப் பார்க்கிறேன் சார். இப்போது பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், கராஜில், சோப்பில் மிதக்கிறது. பஞ்சாயத்தில் மனைவி ஜெயித்துவிட்டாள்.