ஆற்றங்கரை வீட்டார் குழு: ஐப்பசி மழை, கிரனாடா, சாவி

[11:08] அப்பா: எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். இரவு முழுக்க அடைமழை. ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது?

[11:09] அத்தை: என்னிடம் இல்லை

[11:10] சித்தப்பா: என் சாவியைப் பொங்கலன்றே பெரிய அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எல்லோரும் பார்த்தீர்கள்.

[11:12] அப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாமே.

[11:15] நான்: பெரியப்பா, பெரியம்மா, சாவி எங்கே?

[11:52] அக்கா: கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருக்கிறோம். அம்மா பையைத் துழாவுகிறார்.

[11:53] அக்கா: சாவி இங்கேதான் இருக்கிறது.

[11:53] அத்தை: ஸ்பெயினிலா!

[11:55] பெரியம்மா: பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்தேன். பதற்றத்தில் எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி.

[11:56] அப்பா: பரவாயில்லை அண்ணி. நீங்கள் நிம்மதியாகச் சுற்றிப் பாருங்கள்.

[12:48] பெரியப்பா: முதலில் ஹெனரலிஃபே தோட்டம். கோடையில் சுல்தான்கள் வந்து தங்கிய இடம். இங்கே ஒரு படிக்கட்டு இருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரின் மேலேயே வாய்க்கால் ஓடுகிறது, நம் நாட்டு ஓடுகளை மல்லாத்திப் பதித்ததுபோல. அதில் கைவைத்தபடியே உங்கள் அண்ணி இறங்கினாள். அடிப்படி வரைக்கும் விரலை எடுக்கவே இல்லை.

[12:49] பெரியப்பா: (படம்)

[12:50] அத்தை: அண்ணி, முட்டிவலி எப்படி இருக்கிறது?

[12:51] பெரியம்மா: படி அதிகம். சமாளிக்கிறேன்.

[12:59] பெரியப்பா: தார்ரோ ஆறு கீழே பள்ளத்தில் ஓடுகிறது, அரண்மனை மலைமேல் இருக்கிறது. தண்ணீர் எப்படி ஏறியது? ஏறவே இல்லை! சுமார் 6 கிலோமீட்டர் மேலே போய் ஆற்றை மறித்து, மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு வேலை. சுல்தான் முதலாம் முஹம்மது இங்கே 1238-இல் கோட்டை வேலையைத் தொடங்கினார். மோட்டார் கிடையாது, மட்டம் பார்த்த கண் மட்டும்தான். பொதுப்பணித்துறையில் 34 வருடம் வாய்க்காலோடு கிடந்தவன் சொல்கிறேன், இதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

[13:01] அத்தை: அண்ணா, நம் முற்றத்துத் தண்ணீருக்கு வழி சொல்லுங்கள்

[13:06] பெரியப்பா: முற்றத்துத் தூம்பு கொல்லை வாய்க்காலில் விழ வேண்டும். அந்த வாய்க்கால்தான் இப்போது இல்லையே. வண்டி நிறுத்த சிமெண்ட் போட்டாகிவிட்டது.

[13:07] சித்தப்பா: நேராக என் பெயரையே சொல்லலாம் அண்ணா.

[13:08] அப்பா: இருவரும் விடுங்கள்.

[13:20] அத்தை: அந்தச் சென்னை வரன் வீட்டார் மறுபடியும் கேட்டார்கள். என்ன சொல்லட்டும்?

[13:21] அக்கா: அத்தை, பிறகு பேசலாம். சுல்தான்கள் வாழ்ந்த நஸ்ரித் அரண்மனைக்கு எங்கள் நுழைவு நேரம் நெருங்குகிறது. தவறினால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும்.

[13:22] அத்தை: சரிம்மா. நல்ல இடம்.

[14:10] அப்பா: எதிர்வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் போய்த் தூம்புக்குள் கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார். இலைக்குப்பை கொஞ்சம் வந்ததாம். தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது.

[14:11] நான்: பூட்டை உடைக்கலாமா?

[14:11] அத்தை: தாத்தா வாங்கிய பூட்டு அது

[15:34] பெரியப்பா: உள்ளே போய்விட்டு வந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் செம்மண் நிறச் சுவர்தான். ‘செந்நிறத்தது’ என்பதே அல்ஹம்ப்ரா என்ற பெயரின் பொருள். உள்ளே காலெடுத்து வைத்தால் முற்றம், முற்றம், முற்றம். கோமாரெஸ் முற்றத்தில் நீளமான குளம் ஒன்று. இரண்டு முனையிலும் தரையோடு தரையாக வட்டத் தொட்டி. ஊற்று அதில் விழுந்து, சிறு ஓடை வழியாகத் தவழ்ந்து குளத்தில் சேர்கிறது. அருகே மண்டியிட்டுப் பார்த்தேன். சேரும் இடத்தில் ஓர் அலை இல்லை. அதனால்தான் எதிரே உள்ள கோபுரம் முழுதாகத் தலைகீழாகத் தெரிகிறது.

[15:36] பெரியப்பா: அடுத்தது சிங்க முற்றம், சுல்தான் ஐந்தாம் முஹம்மது கட்டியது. 124 தூண்கள். 12 பளிங்குச் சிங்கங்கள் தொட்டியைத் தாங்குகின்றன. தொட்டி விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ராக்கின் கவிதையைச் செதுக்கியிருக்கிறார்கள். ஓடுவது நீரா பளிங்கா என்று கண் தடுமாறுகிறது என்கிறது அது. உண்மைதான். சுவர் முழுக்கச் சுதைவேலை. ‘இறைவனன்றி வெல்பவர் இல்லை’ என்ற வாசகம் அரபியில் திரும்பத் திரும்ப வருகிறது.

[15:38] அத்தை: படத்தில் சிங்கம் எட்டுதான் தெரிகிறது

[15:39] அக்கா: மீதி அந்தப் பக்கம் இருக்கின்றன அத்தை.

[15:44] நான்: இவ்வளவு கட்டியவர்கள் எப்படி இழந்தார்கள் பெரியப்பா?

[15:52] பெரியப்பா: 1492 ஜனவரி 2. கடைசி சுல்தான் போஅப்தில், ஸ்பெயின் அரசர் ஃபெர்டினாண்டிடமும் அரசி இசபெல்லாவிடமும் நகரை ஒப்படைத்துச் சாவியைக் கொடுத்தார். அவர் வீட்டிலேயே தகப்பனோடும் சித்தப்பனோடும் அரியணைச் சண்டை. அதுவே பாதி பலத்தைத் தின்றுவிட்டது. பிறகு அவர்களின் பேரன், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இதன் நடுவிலேயே தனக்கு ஒரு கல் அரண்மனை தொடங்கினார். வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர்ச் சத்தம் இல்லை. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

[15:58] சித்தப்பா: சாவியை நான் கோபத்தில் கொடுக்கவில்லை அண்ணா. இனி அந்த வீட்டில் எனக்கென்ன வேலை என்று மனம் விட்டுப்போய்க் கொடுத்தேன்.

[16:20] அப்பா: தம்பி, போனை எடு.

[16:41] பெரியம்மா: (படம்) மாதுளை மரம். கிரனாடா என்றால் அவர்கள் மொழியில் மாதுளைதானாம். நம் கிணற்றடி மரம் ஞாபகம் வந்தது.

[16:42] அத்தை: அது இப்போதும் காய்க்கிறது அண்ணி

[19:30] அப்பா: மறுபடியும் தூறல். பூட்டுக்காரர் ஞாயிறு வரலாம் என்கிறார். உடைக்காமல் திறக்க முடியுமா என்று பார்த்துத்தான் சொல்வாராம். ஓட்டுக் கூரையை மாற்றித் தளம் போடும் பேச்சு அண்ணன் வந்த பிறகு.

[19:31] அத்தை: தளம் போட நான் சம்மதிக்கவில்லை

[22:04] சித்தப்பா: பெரிய அண்ணா, சிமெண்டை ஓரமாக ஓரடி அகலம் வெட்டிக் குழாய் பதித்தால், தண்ணீர் நிற்காமல் போக எவ்வளவு சரிவு வேண்டும்?

[22:09] பெரியம்மா: அறைக்கு வந்ததும் அசந்து தூங்கிவிட்டார் தம்பி. எழுந்ததும் முதல் வேலையாகச் சொல்லச் சொல்கிறேன்.

[22:15] அத்தை: ஞாயிறு யார் யார் வருகிறீர்கள்? சமைக்க வேண்டும்