புதுப்பிப்பு: சுமேரியத் தெய்வப் பெயர்கள் விஷயத்தில் முடிவெடுத்துவிட்டோம்

எங்கள் மேசை ரோல்பிளே விளையாட்டில் (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் ஆட்டம்) சுமேரிய, அதாவது பண்டைய தெற்கு மெசபொட்டேமியத் தெய்வங்களை அப்படியே வைப்பதா, பெயரை மட்டும் எடுத்துச் சொந்தப் பாத்திரங்களுக்குச் சூட்டுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். அப்படியே வைக்கிறோம்: காதலுக்கும் போருக்கும் உரிய தேவி இனன்னா, ஞானக் கடவுள் என்கி, பாதாள அரசி எரெஷ்கிகல் ஆகியோரின் பெயரும் குணமும் மாறாது. சொந்தப் பாத்திரங்கள் அனைவரும் உருக் என்ற சுமேரிய நகரத்து மனிதர்கள்.

இனன்னா பாதாளம் இறங்கும் கதையைப் படித்தபின் வேறு வழி தோன்றவில்லை. ஏழு வாயில்கள், ஒவ்வொன்றிலும் அவள் ஒன்றை இழக்க வேண்டும்: முதலில் மகுடம் போகிறது, கடைசியில் ஆடையும் போகிறது. பாதாளத்தில் இறந்து கிடக்கும் அவளை மீட்க என்கி தன் நகத்து அழுக்கிலிருந்து இரண்டு உயிர்களைப் படைக்கிறான். எத்தனை அபாரமான கற்பனை! ஆகவே எங்கள் ஆட்டக்காரர்களும் வாயிலுக்கு ஒரு பொருளையோ திறனையோ விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மார்துக்கைச் சேர்க்கச் சொன்னவர்களுக்கு: அவன் பாபிலோனின் காவல் தெய்வம். இந்த உருக் கதையில் அவனுக்கு இடமில்லை.