பழைய கார் சூடாகுது, கூலண்ட் குறையுது, கீழே ஒரு சொட்டு கூட இல்லை. உதவி வேணும்

கேள்வி (நாகர்கோவில்)
வணக்கம். அப்பா ஓட்டின 2001 மாடல் பெட்ரோல் கார் இப்போ என் கையில. நாலு சிலிண்டர், அலுமினிய ஹெட் (எஞ்சினோட மேல்பாகம்). வடசேரி நெரிசல்ல எவ்வளவு நேரம் நின்னாலும் முள் பாதியைத் தாண்டாது, ஃபேனும் ஒழுங்கா சுத்துது. ஆரல்வாய்மொழி கழிஞ்சு நாலுவழிச் சாலையில வேகம் பிடிச்சா மெல்ல ஏறுது. கூலண்ட் டப்பாவுல அளவு குறைஞ்சுகிட்டே வருது, நிறுத்துற இடமோ காஞ்சு கிடக்கு. மெக்கானிக் ஒருத்தர் பானட்டைத் திறந்து பாத்ததுமே "கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கணும்"ங்கிறார் (ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்தான் கேஸ்கெட்டாம்). அதுக்கு முன்னால நானே என்னென்ன பாக்கலாம்?

பதில் (தக்கலை)
தம்பி, ஹெட்டுல கை வைக்க இப்போ விடாதீங்க. நின்னா சூடாகுற வண்டிக்கு ஃபேன் பக்கம் பாக்கணும். ஓடுனா சூடாகுதுன்னா தண்ணி குறைவு, இல்லன்னா சுத்துற ஓட்டம் போதலை: ரேடியேட்டர் அடைப்பு, முழுசா திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழி விடுற வால்வு), தேய்ஞ்ச வாட்டர் பம்ப், இதுல ஒண்ணு.

காலையில ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னால மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க. ராத்திரி முழுக்க ஆறின பிறகும் கல்லு மாதிரி இருந்தா கேஸ்கெட் மேல சந்தேகம் நியாயம். ஆறின எஞ்சின்லயே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. குமிழி நிக்காம வந்துகிட்டே இருந்தாலும் அதே கதைதான். ஆயில் மூடிக்கு அடியில பால் கலந்த டீ நிறத்துல நுரை இருக்கான்னும் பாருங்க. ஆனா கொஞ்ச தூரம் மட்டுமே ஓடுற வண்டியில ஈரத்தாலயும் அது வரும், அதை மட்டும் நம்பாதீங்க.

சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெந்து போயிரும்.

பதில் (குளச்சல்)
அண்ணன் சொன்னதோட மூடியையும் பாருங்க. 0.9 பார் மூடி நல்லா பிடிச்சா வெறும் தண்ணியே 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தா சீக்கிரம் கொதிச்சு ஆவியா போயிரும், தரையில அடையாளமே இருக்காது. செலவு குறைஞ்ச சாமான், முதல்ல அதை மாத்துங்க.

பிறகு கையால அடிக்கிற பிரஷர் டெஸ்டர் உள்ள ஒர்க்ஷாப்ல ஆறின எஞ்சினுக்கு அழுத்தம் ஏத்தி விட்டுருங்க. முள் இறங்குனா எங்கயோ கசியுது. வாட்டர் பம்புக்கு அடியில சின்ன ஓட்டை ஒண்ணு உண்டு, உள்ள சீல் போனா அது வழியாத்தான் கசியும். சூட்டுல விழுந்த சொட்டு அங்கேயே காஞ்சு உப்புப் படிஞ்ச மாதிரி நிக்கும். முன் சீட்டு கால்மிதி ஈரமா, இனிப்பு வாசனை அடிக்குதான்னும் பாருங்க, அது ஹீட்டர் கசிவு. எங்க கடலோரக் கிணத்துத் தண்ணியை மட்டும் ஊத்திராதீங்க. உப்பும் சுண்ணாம்பும் படிஞ்சு ரேடியேட்டரை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும்.

கேட்டவர்
ரொம்ப நன்றி. காலையில ஹோஸ் மெத்துன்னு இருக்கு, குமிழியும் இல்ல. பிரஷர் டெஸ்ட்ல முள் மெல்ல இறங்கிச்சு. பம்புக்கு அடியில டார்ச் அடிச்சா பச்சையும் வெள்ளையுமா பொருக்குத் தட்டி நிக்குது.

பதில் (தக்கலை)
அப்போ பம்ப்தான். உங்க எஞ்சின்ல பம்ப் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால இருந்தா பெல்ட்டையும் சேர்த்தே மாத்துங்க, ரெண்டு தடவை கூலி வேண்டாம். தெர்மோஸ்டாட்டும் புதுசு போடுங்க. அதைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டச் சொல்லுறவங்க பேச்சு கேக்காதீங்க, எஞ்சின் சூடு பிடிக்காம பெட்ரோல் குடிக்கும். கலந்தே வர்ற கூலண்ட் வாங்கி ஊத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு ஓட விட்டு காத்தை வெளியேத்துங்க. ஆறின பிறகு அளவு பாத்து நிரப்பணும். அதுவரைக்கும் நாலுவழிச் சாலைப் பக்கம் போகாதீங்க. வழியில முள் ஏறுனா ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசா திறந்து ஓரமா நிறுத்திருங்க.