அம்மாவின் முழங்கால் நோவு: இடத்துக்கு ஒரு குளிசை ஏன்?

கல்லடிக்காரி:
அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சீனி, பிரஷர் இரண்டும் உண்டு. மட்டக்களப்பில் அரசாங்க கிளினிக்கில் சீனிக்கு மெட்ஃபோமினும் பிரஷருக்கு லொசாட்டனும் எடுக்கிறார். முழங்கால் நோவு என்று அங்கே சொன்னால் பரசிட்டமோல்தான் கிடைக்கும். பின்னேரம் தனியார் டொக்டரிடம் போனால் சின்னக் கடதாசிப் பைகளில் மூன்று வகைக் குளிசை. பையில் மருந்தின் பேர் இல்லை, காலை ஒன்று இரவு ஒன்று என்று மட்டும் எழுதியிருக்கும். அதில் ஒன்று டைக்ளோஃபெனாக் என்பது பாமசியில் காட்டித்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அதுதான் விருப்பம். அதைப் போட்டால் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் வரை நடப்பார், வந்து மீனும் வெட்டுவார்.

ஜெர்மனியில் அக்காவின் நாரி நோவுக்கு எழுதுவது நோவல்ஜின். லண்டன் சித்தி அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை, அவருக்கு கோ-கோடமோல். வட்ஸ்அப்பில் மூன்று பேரும் ஒரே சண்டை. அக்கா நோவல்ஜின் பார்சல் கட்டுகிறாள். நோவு ஒன்றுதானே, டொக்டர்மார் ஏன் இப்படி மாறி மாறி எழுதுகிறார்கள்?

கல்முனை பாமசி:
தங்கச்சி, முதலில் அந்தப் பார்சலை நிப்பாட்டுங்க. நோவல்ஜின் என்பது மெட்டமிசோல். மிக அரிதாக வெள்ளை இரத்த அணுக்களைத் திடீரென்று வீழ்த்திவிடும் என்பதால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் இல்லை. ஜெர்மன் டொக்டர்மார் அதே ஆபத்தைத் தெரிந்துகொண்டே தாராளமாக எழுதுகிறார்கள். சித்தியின் குளிசையில் கோடீன் இருக்கு, அது அபின் வழி மருந்து. மலச்சிக்கல், தூக்கக்கலக்கம், பழகினால் விடுவதும் கஷ்டம்.

நாடு விட்டு நாடு போகவே தேவையில்லை. அமெரிக்காவில் 2012இல் அபின் வகை வலி மருந்துக்கு அலபாமாவில் 100 பேருக்கு 143 மருந்துத் துண்டு எழுதியிருக்கிறார்கள், ஹவாயில் 52. அலபாமாக்காரரின் முழங்கால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நோகுமா என்ன? இங்கிலாந்திலும் தெற்கை விட வடக்கில்தான் அந்த வகை கூட. டொக்டர் எங்கே படித்தார், பக்கத்து டொக்டர் என்ன எழுதுகிறார், ஆளைப் பார்க்க எத்தனை நிமிடம் கிடைக்கிறது, அதுதான் பாதி விசயம். வேலை கஷ்டமும் வறுமையும் மீதியில் கொஞ்சம்.

நம்ம பக்கம் பழக்கம் டைக்ளோஃபெனாக். கெதியாகக் கேட்கும், விலையும் குறைவு. ஆனால் சீனிக்காரருக்கு, அதுவும் லொசாட்டனோடு சேர்ந்தால், கிட்னியை அடிக்கும், பிரஷரையும் ஏற்றும். கூடவே தரும் ஒமெப்ரசோல் வயிற்றைத்தான் காக்கும், கிட்னியை இல்லை.

திருக்கோவிலான்:
டொக்டரை மட்டும் சொல்லாதீங்க. எங்கட பக்கம் வெள்ளாமை வெட்டு நேரம் போய்ப் பாருங்க, சனம் தானே ஊசி கேட்கும். ஊசி போடாதவருக்குக் கைராசி இல்லை என்று அடுத்த தெருவுக்குப் போய்விடும். மறுகா அவர் என்ன செய்வார்? 2006, 2007இல் சிக்குன்குன்யா வந்தபோது கை கால் மடக்க முடியாமல் கிடந்து நோவுக் குளிசை விழுங்கின ஆட்கள் இப்பவும் எந்தக் காய்ச்சலுக்கும் அதைத்தான் தேடுகிறார்கள். மாரியில் வந்தது டெங்கு என்றால் அந்தக் குளிசை இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்.

கல்லடிக்காரி:
பார்சலை நிப்பாட்டியாச்சு, அக்கா கோபம். அம்மாவிடம் டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்றால் "நீ டொக்டரா?" என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

கல்முனை பாமசி:
அடுத்த கிளினிக்கில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்க, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அது. அந்தக் கிளினிக் கொப்பியைத் தனியார் டொக்டரிடமும் கொண்டுபோய் மேசையில் வையுங்க. பெரும்பாலும் அவருக்கு லொசாட்டன் சங்கதியே தெரியாமல் இருக்கும். பையில் மருந்தின் பேரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, தருவார். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் பூசலாம், இரத்தத்துக்குள் போவது கொஞ்சம்தான். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டுக்கு மேல் யாருக்கும் கூடாது. அம்மா மெலிந்த ஆள் என்றால் அதையும் டொக்டரிடம் கேட்டுக் குறைக்க வேணும்.

அம்மா ஜெல்லுக்கு ஒத்துக்கொள்வாரா?

கல்லடிக்காரி:
சித்தாலேப தைலம்தான் நல்லதாம்.