ஓடும் நிலையிலுள்ள பிக்கப் வண்டிகளை ஏன் உடைப்புக்கு அனுப்பினார்கள்?

கேள்வி (ஆறுமுகநேரி வாசகர்):

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சில காலம் வேலை பார்த்துத் திரும்பிய என் மைத்துனர், அங்கே எடுத்த படங்களைக் காட்டினார். டொயோட்டா நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்ட டகோமா பிக்கப் வண்டிகள், டிரெய்லர்களில் வரிசையாக ஏற்றப்பட்டு உடைப்புக்குப் போகின்றன. பாடியில் ஒரு நசுங்கல்கூட இல்லை. நம் பக்கத்தில் எவ்வளவு பழைய வண்டியானாலும் இஞ்சின், கியர்பாக்ஸ், டயர் எல்லாவற்றையும் கழற்றி விற்றுவிட்டு, மிஞ்சியதைத்தான் காயலான் கடையில் எடைக்குப் போடுவோம். சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) மட்டுமே கெட்டது என்றால், அதை மாற்றித் தராமல் வண்டியையே அழிப்பானேன்? நானும் அளத்திலிருந்து உப்பு ஏற்றுகிறவன். என் வண்டியின் அடியிலும் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. இத்தகைய குறை நம் நாட்டு வண்டியில் தெரியவந்தால் நிறுவனம் பொறுப்பேற்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (பேட்டை, பட்டறைக்காரர்):

அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்குவதற்காகச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். 1995 முதல் 2000 வரையிலான டகோமா வண்டிகளின் சேசிஸில் துருத்தடுப்புப் பூச்சு போதிய அளவு இல்லாததால், அந்த உப்பு இரும்பைப் பொத்தலாக்கிவிட்டது. 2008-இல் நிறுவனம் அவற்றின் சேசிஸுக்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்து, மோசமாக அரித்த வண்டிகளை நல்ல நிலையிலுள்ள வண்டிக்குரிய சந்தை மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது.

சேசிஸ் உள்ளே கூடாக இருக்கும் இடங்களில் உப்பும் சேறும் புகுந்து ஈரத்தோடு தங்கிவிடுவதால், துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் பெயின்ட் நன்றாகவே இருக்கும். சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஒலி வரும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விடும். அதன்மேல் தகடு வைத்து வெல்டிங் அடித்தால், பற்றிக்கொள்ள நல்ல இரும்பு இல்லாததால் ஒட்டுப் போட்ட ஓரத்திலேயே மறுபடியும் விரிசல் விடும். லோடோடு போகும்போது பின்பட்டை (சுமையைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றித் தர முடியாது என்பதும் இல்லை. 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களையும் வேறு இரண்டு மாடல்களையும் சேர்த்துச் சுமார் 15 லட்சம் வண்டிகள் தொடர்பான வழக்கில், 2016-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பொத்தல் விழுந்திருந்தால் சேசிஸையே மாற்றித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரு வண்டிக்கு 15,000 டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். கேபின், இஞ்சின், அச்சு, பிரேக் குழாய் என அத்தனையையும் இறக்கி ஏற்றும் வேலை அது. வண்டி பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால், அதன் விலையைவிட இந்தச் செலவே மிகுந்துவிடும்.

பதில் 2 (வள்ளியூர் வாசகர்):

சேசிஸை அழித்தது சரி; இஞ்சினையும் சேர்த்து அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வண்டிகளில் வந்த 3.4 லிட்டர் வி6 இஞ்சின் நீண்ட உழைப்புக்குப் பெயர்பெற்றது. இதை 2009-இல் அமெரிக்க அரசு நடத்திய பழைய வண்டி மாற்றுத் திட்டத்தோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் எண்ணெயை வடித்துவிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, இஞ்சின் இறுகிப்போகும்வரை ஓடவிட வேண்டும் என்பதே விதி. பெட்ரோல் மிகுதியாகக் குடிக்கும் இஞ்சின் மறுபடியும் சாலைக்கு வரக்கூடாது என்பது அதன் நோக்கம் என்பதால் அங்கே அது பொருந்தும். துருப்பிடித்தது சேசிஸ் எனும்போது இஞ்சின் என்ன பாவம் செய்தது?

பதில் 3 (பாளையங்கோட்டை வாசகர்):

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது. ஒரு குறை ஓட்டுநருக்கோ சாலையில் செல்வோருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கும் எனில், அந்த வகை வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு ஒன்றிய அரசு உத்தரவிடலாம்; நிறுவனம் பழுது நீக்கித் தரலாம், வேறு வண்டி தரலாம், அல்லது முழு விலையையும் திருப்பித் தரலாம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, வண்டி ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆனால், ஒரே வகைக் குறையைப் பல உரிமையாளர்கள் முறையிட்டால் இது நகர வாய்ப்பு அதிகம். உப்பு ஏற்றும் ஒருவரின் வண்டி துருப்பிடித்தால், அது தயாரிப்புக் குறை அன்று, பயன்படுத்திய விதம் என்று நிறுவனம் சொல்லும். அந்த வாதத்தை வெல்வது எளிதன்று.

வண்டியைக் கழித்துவிடுவதானால் எடைக்குப் போட்ட காசோடு நின்றுவிடாதீர்கள். அழித்த 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. இல்லையென்றால், அந்த எண்ணை வேறு எவரேனும் பயன்படுத்தினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

பதில் 4 (பேட்டை, பட்டறைக்காரர்):

வள்ளியூர் அண்ணாச்சி இஞ்சினைப் பற்றிச் சொன்னது நியாயமே. ஆறுமுகநேரி அண்ணாச்சிக்கு ஒன்று: லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் சேசிஸின் உட்பக்கத்தையும் பீய்ச்சிக் கழுவுங்கள், அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பல வண்டிகளில் அவை உப்பும் சேறும் இறுகி அடைத்தே கிடக்கின்றன. காய்ந்த பிறகு எண்ணெய் அடிக்கலாம். ஈரத்தின்மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அடுத்த எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முன் பின்பட்டை மாட்டும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.