மறு: சூலகச் 'செயலிழப்பு' வேண்டாமே

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாற்பது வயதுக்கு முன்பே சூலகத்தின் (கருமுட்டை உருவாகும் சினைப்பையின்) வேலை குறைந்துபோகும் நிலைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று ஓடிக்கொண்டிருக்கும் இழையைப் படித்துவருகிறேன். பெரும்பான்மை 'சூலகச் செயலிழப்பு' பக்கம் சாய்வது தெரிகிறது. முடிவு செய்யும் முன் என் மறுப்பையும் கேட்டுவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளில் சேருவோருக்குக் கொடுக்கும் தகவல் தாள்களையும் ஒப்புதல் படிவங்களையும் தமிழில் எழுதித் தருவது என் வேலை. அங்கே இந்தச் சொல் பலமாக இடிக்கிறது.

> சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதே வாய்பாட்டில் இதையும் சொன்னால் படிப்பவருக்கு எளிது.

ஐயா சொல்லும் வாய்பாட்டில்தான் எனக்குச் சிக்கலே. 'இதயச் செயலிழப்பு' என்றதும் இதயம் நின்றுவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு தவறான பெயர் வழக்கில் இருப்பது அதே அச்சில் இன்னொன்றை வார்ப்பதற்குக் காரணம் ஆகாது.

சூலகத்தின் விஷயத்தில் தவறு இன்னும் பெரிது. இயல்பான குரோமோசோம் அமைப்பு கொண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, இந்த நோய் உறுதியான பிறகும் சூலகம் விட்டுவிட்டு வேலை செய்கிறது. சில மாதம் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், அபூர்வமாக முட்டையும் வெளிப்படும், அப்புறம் மறுபடி அடங்கிவிடும். 5 முதல் 10 விழுக்காட்டுப் பெண்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கருத்தரிக்கிறார்கள்.

இப்போது ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் 'உங்களுக்குச் சூலகச் செயலிழப்பு ஏற்பட்டுள்ளது' என்று எழுதுகிறோம். நாலாம் பக்கத்தில் 'ஆய்வு முடியும்வரை கருத்தடை முறையைத் தவறாமல் பின்பற்ற வேண்டும்' என்று எழுதுகிறோம். படிக்கிற பெண் என்ன நினைப்பார்? செயல் இழந்த உறுப்புக்கு எதற்குக் கருத்தடை, இது எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட வரி போலிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவார். ஆய்வு மருந்து கருவைப் பாதிக்கக்கூடியதாக இருந்தால் அந்த ஒரு வரிதான் அவருக்குப் பாதுகாப்பு. அந்த வரியை முதல் பக்கத்துச் சொல்லே பொய்யாக்கிவிடுகிறது. மறுபுறம், குழந்தை வேண்டும் என்று ஏங்குகிறவருக்கு இதே சொல் கதவை முழுதாகச் சாத்திவிடுகிறது. மூடாத கதவை மூடியதாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆங்கிலத்திலும் இதே தடுமாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. 1942இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எழுதியது 'இன்சஃபிஷியன்சி' (போதாமை) என்றுதான். பிறகு 'ஃபெயிலியர்' (செயலிழப்பு) பரவலாகி, பாடநூல்களில் பல பத்தாண்டுகள் அதுவே நிலைத்தது. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் நெல்சன் தன் கட்டுரையில் ஆல்பிரைட்டின் சொல்லையே ஆண்டார். 2016இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி நெறிமுறையும் இன்சஃபிஷியன்சியையே எடுத்துக்கொண்டது. அவர்கள் கைவிட்ட சொல்லை நாம் இப்போது தமிழில் புதிதாக நட வேண்டுமா?

> அப்படியானால் 'சூலக ஹார்மோன் குறைவு' என்றே வைத்துவிடலாமே. தைராய்டு குறைவு என்று மக்களே சொல்கிறார்களே.

எளிமை பிடித்திருக்கிறது. ஆனால் பரிசோதனை அறிக்கையோடு இது மோதும். சூலகம் ஈஸ்ட்ரோஜன், இன்ஹிபின் என்ற ஹார்மோன்களைக் குறைவாகச் சுரந்தால், பிட்யூட்டரி சுரப்பி 'ஏன் வேலை நடக்கவில்லை' என்று, சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச்சை அதிகமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். நோயைக் கண்டறிவதே அந்த உயர்வை வைத்துத்தான்: நான்கு மாதமாவது மாதவிடாய் வராமல் அல்லது ஒழுங்கில்லாமல் இருந்து, எஃப்எஸ்எச் லிட்டருக்கு 25 அலகுக்கு மேல் இருக்க வேண்டும். முன்பு நான்கு வார இடைவெளியில் இருமுறை பார்க்கச் சொன்னார்கள். அந்த ஐரோப்பிய நெறிமுறைக்கு 2024இல் வந்த திருத்தத்தில் ஒருமுறை போதும், ஐயம் இருந்தால் மட்டும் மறுபடி பார்க்கலாம் என்று தளர்த்திவிட்டார்கள். ஆக, கையில் இருக்கும் தாளில் ஹார்மோன் 'அதிகம்' என்று அச்சாகியிருக்க, நோயின் பெயரில் ஹார்மோன் 'குறைவு' என்று இருக்கும். எந்த ஹார்மோன், எங்கிருந்து வருவது என்று ஒவ்வொருவருக்கும் தனியே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தவிர, முட்டை வளரும் ஃபாலிக்கிள்கள் குறைந்துபோவதையோ இருந்தும் இயங்காமல் இருப்பதையோ அந்தப் பெயர் சொல்லவே இல்லை.

'குறைபாடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். பெண்ணைக் காட்டி 'குறை உள்ளவள்' என்று பேசுகிற வழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது, அதற்கு மருத்துவமும் முத்திரை குத்த வேண்டியதில்லை.

எனக்கு முதலில் தோன்றியது 'தளர்வு'. தளர்ந்தது மறுபடி நிமிரலாம் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஓர் உறுப்போடு சேர்த்துச் சொன்னால் அது தொங்கிப்போய்விட்டது, இறங்கிவிட்டது என்று படிக்க இடம் கொடுக்கிறது. கருப்பை இறக்கம் வேறு நோய், அதனோடு குழம்பும். 'தளர்ச்சி' அதைவிட மோசம்: நரம்புத் தளர்ச்சி என்று சுவரெழுத்து விளம்பரம் செய்தவர்கள் அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

என் முன்மொழிவு 'செயல்குன்றல்'. 'உடல்நலம் குன்றியிருக்கிறார்' என்றால் அவர் தேறி வரவும் கூடும் என்பது சேர்ந்தே புரிகிறது. குன்றுவதில் அளவு உண்டு: சற்றே குன்றலாம், பெரிதும் குன்றலாம். இழப்பில் அது இல்லை. செயலிழப்பு என்று பழகிய கண்ணுக்கும் இது அன்னியமாக இருக்காது, பின்பாதி மட்டும்தான் மாறுகிறது. 'செயற்குன்றல்' என்று புணர்த்தி எழுத வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் நோயாளி கையில் போகும் தாளில் பிரித்தறியும்படி 'செயல்குன்றல்' என்றே எழுதுவேன்.

'மூளை வளர்ச்சி குன்றிய' என்ற பழைய தொடரின் நிழல் இதன்மேல் விழாதா என்று கேட்கலாம். விழும், கொஞ்சம். ஆனால் அங்கே 'குன்றிய' என்ற அடைமொழி குழந்தையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. இங்கே குன்றுவது உறுப்பின் செயல். 'செயல்குன்றல் உள்ள பெண்' என்று எழுதினால் போதும், 'குன்றிய பெண்' என்று யாரும் எழுத மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

அடுத்து முன்னொட்டு, ஆங்கிலத்தில் 'பிரிமெச்சூர்' என்றோ 'பிரைமரி' என்றோ வருவது. 'முன்கூட்டிய' என்பதை எடுத்துவிடுங்கள். யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டதுபோல் இருக்கிறது. 'முதன்மை' என்றால் முக்கியமானது என்றே பெரும்பாலோர் படிப்பார்கள், கோளாறு சூலகத்திலேயே தொடங்குகிறது என்ற பொருள் வராது. 'இளவயது' போதும். நாற்பதுக்கு உட்பட்டவருக்கு வந்தால் 'இளவயது மாரடைப்பு' என்று எழுதுகிறோமே, அதே பொருள்தான். பதின்பருவம் என்று தவறாகப் புரிந்துகொள்வார்களோ என்ற கவலை பெரியதல்ல. டர்னர் நோய்க்குறி (ஓர் எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத பிறவி நிலை) உள்ளவர்களுக்குப் பதின்பருவத்திலேயே இது வருவதும் உண்டு.

> ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? 'முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தம்' எல்லாருக்கும் தெரியும்.

அம்மா, எல்லாருக்கும் தெரியும் என்பது உண்மை. ஆனால் அது வேறு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்த பிறகே மாதவிடாய் நின்றுவிட்டது என்று சொல்கிறோம், இங்கே வந்தும் போய்க்கொண்டும் இருக்கலாம். இன்னொன்று, 'நிறுத்தம்' பிறவினை. யார் நிறுத்தியது? கருப்பையை அகற்றினாலோ மருந்து கொடுத்தாலோ நிறுத்துகிறார்கள். தானாக நிற்பது 'மாதவிடாய் நிற்றல்'தான். அந்த வித்தியாசம் நமக்குத் தேவைப்படும், ஏனென்றால் புற்றுநோய்க்கான மருந்தாலோ கதிர்வீச்சாலோ சூலகம் பாதிக்கப்பட்டவர்களைத் தனியாகக் குறிக்க வேண்டியிருக்கிறது. 'மருந்தால் வந்த செயல்குன்றல்' என்று எழுதிப் பாருங்கள், சரியாகவே உட்காருகிறது.

இதோடு தொட்டுக்கொண்டு இன்னொன்று. 'ஹார்மோன் மாற்று சிகிச்சை' என்பதைப் படிக்கிறவர் மாற்று மருத்துவம் என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறார், ஹார்மோனுக்குப் பதிலாக வேறு எதையோ கொடுப்பதாக. 'ஹார்மோன் ஈடுசெய் சிகிச்சை' என்றால் உடலில் இல்லாததை நிரப்புகிறோம் என்பது தெளியும். இந்தப் பெண்களுக்கு அது முக்கியம். எலும்பையும் இதயத்தையும் காக்க, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை, அதாவது ஏறக்குறைய ஐம்பது வரை, ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறார்கள். ஹார்மோன் சிகிச்சையின் ஆபத்துகளைச் சொல்லி 2002இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 50 முதல் 79 வயதுள்ளவர்கள், சராசரி வயது 63. முப்பது வயதுப் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது. ஈடுசெய் சிகிச்சை கருத்தடை ஆகாது என்பதையும் அதே தாளில் எழுதவேண்டியிருக்கும்.

சூலகமா, அண்டகமா, சினைப்பையா என்ற பஞ்சாயத்தை இங்கே இழுக்கவில்லை. இலங்கை நண்பர்களுக்குச் சூலகம் இயல்பு, தமிழ்நாட்டுப் பாடநூலில் அண்டகம், செய்தித்தாளில் சினைப்பை. மூன்றில் எதோடும் செயல்குன்றல் ஒட்டும்.

ஆக, அகராதிப் பட்டியலில் 'இளவயதுச் சூலகச் செயல்குன்றல்' என்று சேர்த்து, 'செயலிழப்பு' என்பதைப் பழைய வழக்கு என்ற குறிப்போடு வைக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால், சொல்லை மட்டும் தராமல் அதை வைத்து இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்: ஒன்று கருத்தடை பற்றியது, மற்றது எஃப்எஸ்எச் உயர்ந்திருப்பது பற்றியது. ஃபாலிக்கிளுக்கு 'நுண்ணறை' போதுமா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.