பஸ் நம்பரும் என் மோனாகுலரும்

எனக்கு ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய். நேராகப் பார்க்கும் இடத்தில் மங்கல், ஓரப் பார்வை பரவாயில்லை. அளவு 6/60, அதாவது மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்துக்கு நான் 6 மீட்டர் வரை போயாக வேண்டும். சென்னையில் கல்லூரி முடிக்கும் வரை பஸ் ஸ்டாப்பில் எனக்கு ஒரே வசனம்தான்: "அண்ணா, இது என்ன பஸ்?" சிலர் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்த்தால் படித்தவன் மாதிரி இருக்கிறானே என்று.

பார்வை குறைந்தவர்களுக்கான லோ விஷன் கிளினிக்கில் 4×12 மோனாகுலர் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கண்ணில் மட்டும் வைத்துப் பார்க்கும் சின்னத் தொலைநோக்கிக் குழாய் அது. 4 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 12 மி.மீ. கணக்குப்படி என் 6/60 அதில் 6/15 ஆகிறது. ஆசையோடு அன்றைக்கே ஸ்டாப்பில் எடுத்தேன். வானம் தெரிந்தது, வேப்பமரம், யாருடைய முதுகோ, அப்புறம் ஒரு டயர். நம்பர் பலகை அகப்படுவதற்குள் பஸ் போய்விட்டது! பெரிதாகத் தெரிவதற்குப் பரப்பு குறுகிவிடுகிறது. கை நடுக்கமும் 4 மடங்காகிவிடுகிறது.

பயிற்சி தந்த மேடம் பிறகு சொன்னதுதான் உதவியது. குழாயை வைத்துக்கொண்டு தேடக் கூடாது. முதலில் வெறும் கண்ணால் பஸ்ஸின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் குழாயைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், முழங்கை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். எனக்கு நடுப்பார்வை இல்லாததால் குழாய்க்குள்ளும் சற்று மேலே பார்க்க வேண்டும். ஹாலின் இந்த மூலையிலிருந்து தினசரி காலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். மூன்றாவது வாரம் 29சி வருவதை நானே படித்து ஏறினேன். டிக்கெட் வாங்கவே மறந்துவிட்டேன்.

"போனில் ஜூம் பண்ணலாமே" என்பவர்களுக்கு: எல்.இ.டி. பலகை கேமராவில் பல நேரம் கோடுகோடாகத் துடிக்கும். குழாயில் அந்தத் தொல்லை இல்லை.

ஒருமுறை ஒருவர் "யாரய்யா நோட்டம் விடுற?" என்று சண்டைக்கு வந்தார். குழாயை அவர் கையிலேயே கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே" என்றார். ஃபோகஸ் என் கண்ணுக்கு வைத்தது, எப்படித் தெரியும்?

---

தம்பி, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா) என்ற விழித்திரை நோய், குழல் பார்வை: ஓரம் தெரியாது, நடுவில் கொஞ்சம்தான் தெரியும். உங்களைப் போல ஆசைப்பட்டு வாங்கினேன்; இருந்த கொஞ்சப் பரப்பும் போய்விட்டது. குழாயைத் திருப்பிப் பிடித்தால் எல்லாம் சிறுத்து, பரப்பு விரிகிறது. தெளிவு குறையும், ஆனால் அறைக்குள் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் தெரிகிறது. நடக்கும்போது மட்டும் வேண்டாம், எப்படிப் பிடித்தாலும் தூரக்கணக்கு தப்பும். வாசற்படியில் முட்டி பெயர்ந்தவன் சொல்கிறேன்.

---

எனக்கு அல்பினிசம், அதாவது பிறவியிலேயே நிறமிக் குறைவு; கண் ஆடிக்கொண்டே இருக்கும். வெயிலில் கூச்சம், இருட்டில் குழாய்க்குள் வெளிச்சம் போதாது. கோயிலில் கருவறையை நோக்கிப் பிடித்தால் கறுப்புதான் தெரியும். கற்பூரம் காட்டும் அந்தச் சில நொடிகளுக்காக முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொண்டு நிற்பேன். அம்பாளின் மூக்குத்தியை முதன்முதலில் பார்த்தது 34 வயதில். குருக்கள் "என்னம்மா அது?" என்று கேட்டார். "பார்க்கிற கண்ணாடி, சாமி" என்றேன், தீபத்தை இன்னொரு சுற்றுக் காட்டினார்.